வெள்ளைத் துணி வெட்டும் நாள்

அவள் வெட்டிவைத்த சட்டையின் இரண்டு கைகளுமே வலது கைகளாக இருந்தன. பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள், திருப்பிப் போட்டும் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. அவளோ அந்தத் தையல்கடையின் கட்டிங் மாஸ்டர். அவள் வெட்டிக் கொடுத்தால் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தைப்பார்கள்.

“அக்கா, வீட்டுக்குப் போய்ப் படு. மிச்சத்த நான் வெட்டிக்கிறேன்,” என்றான் தம்பி, ஷட்டரைப் பாதி இறக்கியபடி.

“நீயா? நீ துணிய வெட்டினா துணிக்காரன் நம்மள வெட்டுவான். போடா, போய் டீ வாங்கிட்டு வா.”

அவன் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

அவளுக்கு மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கி, அதை விரித்துவைக்க உள்ளே ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாய் வைத்திருந்தார்கள். போன வாரம் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

“மூளையில சின்னச் சின்னதா அடைப்பு வந்திருக்கும்மா. வலிக்காது, உங்களுக்கே தெரியாது. பெருசா ஒண்ணு வந்தா இடது பக்கமே உங்களோடது இல்லாத மாதிரி ஆயிடும். ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் வேற. மாத்திரைய விடாம போடுறீங்கல்ல?”

“போடாம இருப்பேனா?” என்றாள், வாய் கூசாமல்.

ரத்தம் உறையாமல் வைக்கிற மாத்திரை அது. போட்டால் குண்டூசி குத்தின இடத்தில்கூட ரத்தம் நிற்காது. ஒரு சொட்டு போதும், வெள்ளைத் துணி பாழ். அதனால் வெள்ளை வெட்டுகிற நாளில் மாத்திரைக்கு லீவு விட்டாள். இந்த மாதம் முழுக்க நர்சுகளின் வெள்ளைக் கோட்டுதான்.

உடம்பு சரியில்லைதான், அதற்காக? கத்தரியைக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தால் அப்புறம் அவள் யார்? அதைவிடச் சாகலாம்.

தம்பி டீ வாங்கப் போனதும் இஸ்திரிப் பெட்டியின் ஈரச் சூடும் புதுத்துணியின் கஞ்சி வாடையும் அவளைச் சுற்றிக் கவிந்தன. மெஷின்கள் ஓய்ந்த பிறகும் அவற்றின் கடகடப்பு வலது காதுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, கடையின் இடது பாதி, சுவரும் அதில் தொங்கிய சட்டைகளும் சேர்ந்து, ஓசைப்படாமல் எங்கோ விலகிப் போய்க்கொண்டிருந்தது. இன்று ஒரு கோட்டாவது வெட்டித் தம்பியிடம் காட்டவேண்டும். வெள்ளைத் துணியை விரித்துக் கத்தரியை எடுத்தாள்.

துணியின்மேல் ஒரு கை கிடந்தது.

இடப்பக்கம். விரல்கள் மடங்கியிருந்தன. யாரோ அவள் தோளை ஒட்டி நின்றுகொண்டிருக்க வேண்டும்.

“யாரது? கைய எடு.”

எடுக்கவில்லை.

தொட்டாள். சில்லென்று இருந்தது. பிடித்துத் தள்ளினாள். கனம். பொத்தென்று மறுபடியும் துணியிலேயே விழுந்தது.

பயம்தான். உடம்பெல்லாம் பயம். ஆனால் இது அவள் மேஜை.

“எத்தனையோ பேரு இந்தக் கத்தரிய என்கிட்டேர்ந்து பிடுங்கப் பாத்தாச்சு. நீ எம்மாத்திரம்? கடைசியா சொல்றேன். எடு.”

அசையவில்லை.

கத்தரியை விரித்து அந்த விரல்களுக்கு அடியில் செருகினாள்.

ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்த தம்பியின் கையிலிருந்து டம்ளர் நழுவி உடைந்தது.

“அக்கா! வேணாம்க்கா! அது உன் கை!”

அவள் திரும்பக்கூட இல்லை. சிரிப்பு வந்தது.

“என் கை எனக்குத் தெரியாதாடா?”

தடித்த துணியை வெட்டுவதுபோல் உடம்பின் பாரத்தையெல்லாம் சேர்த்துக் கத்தரியை அழுத்தினாள்.