பதினோராவது புகை

நேற்றுச் சவரக்கத்தியால் சுரண்டி எடுத்த கறுப்புச் சதுரம் இன்று மறுபடியும் வரைபடத்தில் இருந்தது.

ஏரம்பமூர்த்திக்கு முதலில் பயம் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. கிரான் பக்கத்து வயல் வட்டைகளையும் புது ரயில் பாதையையும் ஒரே தாளில் அடக்கும் வேலை ஏழு மாதமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது. மாலை ரயிலில் நில அளவைத் துரை வருவார். படம் சரியென்று கையெழுத்து வைத்தால் கொக்கட்டிச்சோலைக்குப் போய், பிறந்து நாற்பது நாளான மகளை முதன்முதலாகத் தூக்கலாம். பிழையென்றால் இன்னொரு மாரி, இதே சேறு.

பிழை இருந்தது. சேற்றில் இறங்கப் பஞ்சிப்பட்டு, ரயில்பாதை மண்மேட்டில் குடையோடு நின்றபடியே, வயலுக்கப்பால் எழுந்த புகைகளை எண்ணி, புகைக்கு ஒரு வீடாகக் கறுப்புச் சதுரம் குறித்துவிட்டார். அரசாங்கத்துக்கு வீட்டுக்கணக்கு போதும். அடுப்பில் என்ன கறி என்று அது கேட்பதில்லை.

பதினோராவது புகையைப் பற்றி, அளவுச் சங்கிலி பிடிக்கும் வீரகத்தி நேற்றுத்தான் வாய் திறந்தான்.

“அதில வீடில்ல ஐயா. சுடலை. அண்டைக்கு ஒரு பிரேதம் எரிஞ்சது.”

“ஏன்டாப்பா, அப்பவே சொல்லல்ல?”

“ஐயா எண்ணிக்கொண்டு நிண்டீங்க. குழப்பப்படாதெண்டு இருந்தன்.” பிறகு இளித்தான். “வீடெண்டு கீறினா ஆள் குடிவரும்தானே?”

இப்போது அவன் துரையை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். மழை இருட்டிய மத்தியானம், ஓலை வேய்ந்த நில அளவைக் கந்தோரில் ஏரம்பமூர்த்தி மட்டும், ஈரத் தாளின் வாடையும் கூரையில் ஒழுகும் சொட்டுச் சத்தமுமாக, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, அந்தச் சதுரத்தை மெல்ல, மெல்லச் சுரண்டினார்.

கத்தியில் மை ஒட்டவில்லை. கரி ஒட்டியது. சூடாக.

நெய் எரியும் வாடை வந்தது. சுரண்டினார். தாளில் பொத்தல் விழுந்தது.

அப்பாடா என்று நிமிர்ந்தார். ஜன்னல்.

மண்மேட்டுக்கப்பால், வயல் நடுவில், ஒரு வீடு. மழையில் நனையாத கூரை. புகை. திறந்த கதவு. கதவு நிலையில் ஒரு குடை தொங்கியது. பிடியில் நீல நூல்.

அவர் மனைவி கட்டிய நூல்.

திரும்பிப் பார்த்தார். கந்தோர்ச் சுவரில் குடை மாட்டும் ஆணி மட்டும் இருந்தது.

அந்த வீட்டுக்குள் ஒரு கைக்குழந்தை வீரிட்டது. யாரோ தாலாட்டத் தொடங்கினார்கள். அழுகை அடங்கியது.

தாலாட்டிய குரல் அவருடையது.