அம்பியின் கடைசி மூச்சு

அன்றைய வடநாட்டுப் பனிமூட்டத்தில் லக்ஷ்மிபாய் நகர் பால்காரர் ஒருவர் தன் வீட்டுக் கதவையே தட்டிப் பாலை ஊற்றிவிட்டுப் போனாராம். நம்புகிறவர்கள் நம்பலாம். அப்படிப்பட்ட காலையில் மெல்லிய சட்டையோடு நடுங்கியபடி துப்பறியும் ஜெயபால் வீட்டு வாசலில் வந்து நின்றார் சந்திரமௌலி. ஓய்வுபெற்ற அதிகாரி. மனைவி காலமாகிவிட்டார், மகன் கனடாவில்.

"அம்பியைக் கொன்னுட்டா சார்! வேலைக்கார வீராயிதான்!"

ஜெயபாலுக்கு மனைவி கோமளாதான் உதவியாளர். தோசைத் திருப்பியோடு ஓடி வந்தாள். அம்பி ஒரு நத்தை என்று தெரிந்ததும் திருப்பி இறங்கியது.

"பேச்சுத்துணைக்கு எனக்கு வேற யாரு? பினாயில் ஊத்தியிருப்பா. அவ வேலை செய்யற நாலு வீட்டுக்கும் போன் போட்டு, நிறுத்திடுங்கோன்னு சொல்லிட்டேன்."

சந்திரமௌலி வீட்டு வாசலில் வீராயி அழுதுகொண்டிருந்தாள். "அந்த நாலு வீட்டை நம்பித்தாம்மா எங்க சோறு. ஐயா ரூமுக்குள்ள நான் போறதே இல்ல, போனா கத்துவாரு."

உள்ளே மேசைமேல் கண்ணாடி ஜாடி. கழுத்துவரை தண்ணீர், பழுத்துப்போன நீர்ச்செடி, அடியில் அசையாத அம்பி. மழைக்காலத்தில் சந்திரமௌலியே ஒரு சோதனையாக மூடி, மெழுகு வைத்து அடைத்ததாம்.

"ஊசி போட்டிருப்பாளோ?" என்றாள் கோமளா ஆவலாக.

"மெழுகுல கீறல்கூட இல்லை. வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போகலை." ஜெயபால் மெழுகில் ஒட்டியிருந்த பழுப்புக் கம்பளி இழையை நகத்தால் எடுத்தார். "சார், இந்தக் குளிர்ல உங்க சால்வை எங்கே?"

சந்திரமௌலியின் பார்வை மேசைக்கடியில் கிடந்த சால்வைக்குப் போனது.

"அதுக்குக் குளிருமேன்னு... பொங்கல்லேர்ந்து போர்த்தியே வெச்சிருந்தேன். இன்னிக்குத்தான் எடுத்துப் பார்த்தேன்."

"நத்தை விடற கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கும், பதிலுக்குப் பிராணவாயு தரும். அதுலதான் ரெண்டும் பிழைச்சுது. ஆனா வெளிச்சம் இருந்தாத்தான் செடி தரும். இருட்டுல அதுவும் நத்தை மாதிரியே பிராணவாயுவை இழுக்கும். உள்ளே இருந்தது கொஞ்சம், பங்குக்கு ரெண்டு பேர்," என்றார் ஜெயபால்.

சந்திரமௌலி சால்வையை எடுத்து மடித்து வைத்தார். பிறகு வாசலுக்குப் போனார். "நான்தாம்மா. உன் மேல தப்பில்லை."

வீராயி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்டச் சொல்லி என்னங்கய்யா? அந்த நாலு வீட்டுலயும் சொல்லுங்க. போன்ல வேணாம், நேர்ல வாங்க."

போனார்கள். கோமளாவும் கூடவே போனாள். பல வருஷமாக அந்த வீடுகள் இருக்கும் அதே படிக்கட்டில் ஏறி இறங்கிய சந்திரமௌலி, எந்த வீட்டுக்குள்ளும் போனதில்லை. ஒவ்வொரு வாசலிலும், "நான்தான் கொன்னேன், இவ இல்லை," என்றார். இரண்டாம் வீட்டு சிங்கின் மனைவி பயந்து கதவைச் சாத்தப் பார்த்தாள். கோமளா இந்தியில் நத்தைக்கு வார்த்தை தேடித் திண்டாடினாள். ஆனாலும் நாலு வீட்டிலும் வீராயிக்கு வேலை திரும்பியது.

கடைசி வீட்டில் டீ கொடுத்தார்கள். சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது, கோப்பையும் காலி. வீராயி பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். கோமளா எழுந்து நின்று, "கிளம்பலாமா சார்?" என்றாள்.

"நீங்க போங்கோ," என்றார் சந்திரமௌலி, காலிக் கோப்பையை இரு கைகளாலும் பிடித்தபடி. "நான் கொஞ்சம் உட்கார்ந்துட்டு வரேன்."