மூலை வீட்டு இராஜம்மா

அந்த வீட்டில் யாரும் செத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். யாரும் வாழ்ந்ததுகூட இல்லை. ஈஜோக்கில் செம்பனைக் காட்டை ஒட்டிக் கட்டிய புதுத் தாமான் குடியிருப்பின் மூலை வீடு அது. கிள்ளான் பணக்காரர் ஒருவர் வாங்கிப் போட்டு, ஒரு நாள்கூடக் குடியிருக்காமல் விற்கச் சொல்லியிருந்தார்.

1986. வீடு வாங்க ஆளே வராத காலம். ரவாங்கில் எங்கள் அலுவலகத்தில் இருந்த நான்கு ஏஜெண்டுகளில் இரண்டு பேரை ஏற்கெனவே நிறுத்தியாயிற்று. "உமாபதி, மூலை வீட்ட இந்த மாசத்துக்குள்ள தள்ளலன்னா அடுத்தது நீதான்லா" என்று முதலாளி சொல்லிவிட்டார். என் மனைவி புஷ்பவள்ளிக்கு அப்போது ஏழு மாதம்.

பூட்டிக் கிடக்கும் வீட்டை நம் ஆட்கள் வாங்க மாட்டார்கள். ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், மோட்டார் சைக்கிளில் ஏறிவிடுவார்கள். அதனால் அந்த வீட்டுக்கு ஒரு குடித்தனக்காரியை நானே உண்டாக்கினேன். புஷ்பவள்ளியின் பழைய செருப்பை வாசலில் விட்டேன். அவளுடைய பழைய நீலச் சேலையைப் பின்னால் கொடியில் போட்டேன். குளியலறைக் கண்ணாடியில் இரண்டு ஒட்டுப்பொட்டு. ஆள் வருவதற்கு முன்னால் அடுப்பில் காப்பித்தூளைக் கொதிக்கவிடுவேன். வீடெல்லாம் மணக்கும்.

"வீட்டுக்காரம்மா இராஜம்மா இப்பதான் கோயிலுக்குப் போனாங்க" என்பேன். பின்னால் புல் மண்டிக் கிடக்கிறதே என்றால், "அவங்களுக்குக் கால் சரியில்லீங்க, இழுத்து இழுத்து நடப்பாங்க" என்பேன். பிறகு ஏன் விற்கிறார்கள்? "மகன் வீட்டோட போகப் போறாங்க. வித்த அன்னிக்கே பொட்டியத் தூக்கிருவாங்க." வாய் கூசாமல் சொல்வேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்த அம்மாளைப் பிடித்துப்போனது.

மாதக் கடைசிச் சனிக்கிழமை சேதுவும் அவன் மனைவி தங்கமணியும் வந்தார்கள். வேலை பார்த்த தோட்டத்தில் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். பகல் இரண்டு மணிதான். ஆனால் மழை கட்டிக்கொண்டு வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. வேலியைக் காட்ட சேதுவை வெளியே அழைத்துப் போனேன். தங்கமணி உள்ளேயே நின்றுகொண்டாள்.

திரும்பி வந்தபோது அவள் சிரித்த முகமாக இருந்தாள்.

"அம்மா ரொம்ப நல்லவங்கண்ணே."

"எந்த அம்மா?"

"இராஜம்மாதான். கோயிலுக்குப் போயிட்டாங்கன்னீங்க, அடுப்படியிலதான இருக்காங்க! காப்பி குடிம்மான்னு குடுத்தாங்க."

அவள் கையில் ஒரு தம்ளர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் நான் தம்ளர் வைக்கவில்லை.

அடுப்படிக்குப் போனேன். யாருமில்லை. சிமெண்டுத் தரையில் ஈரத் தடம் இருந்தது. ஒரு கால் முழுப் பாதமாகப் பதிந்திருந்தது. இன்னொன்று இழுத்த கோடாகப் போயிருந்தது. கொடியில் சேலையைக் காணவில்லை. குளியலறைக் கண்ணாடியில் என்னுடைய இரண்டு பொட்டுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பொட்டுகள். எல்லாம் நெற்றியில் வைத்து எடுத்து ஒட்டியவை. ஒன்றில் ஒரு நரைமுடி சிக்கியிருந்தது.

எனக்குப் பின்னால், கூடத்தில், சத்தம்.

சர்ர்... டக்.

சர்ர்... டக்.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சத்தம் நின்றவுடன் கூடத்துக்கு ஓடினேன். சேதுவும் தங்கமணியும் எந்த அறையை யாருக்குக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அப்படி ஓர் அம்மாளே கிடையாது, இந்த வீடு வேண்டாம் என்று. சொன்னால் என் வேலை போகும். சேது பேனாவைத் திறந்துவிட்டான்.

"அம்மா எப்பண்ணே காலி பண்ணுவாங்க?"

"இன்னிக்கே" என்றேன்.

வீடு வாங்கும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் செருப்பு இல்லை.

அலுவலகத்தில் முதலாளி தோளைத் தட்டிக் கொடுத்தார். எனக்கு அது உறைக்கவில்லை. அந்த இரண்டு பேரையும் அவளோடு குடிவைத்துவிட்டேனே என்று செரண்டாவில் இருந்த என் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. பாவி நான்.

வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. புஷ்பவள்ளி வாசலில் நின்று, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா. இப்பதான் கண்ணசந்தாங்க."

"யாரு?"

"ஏங்க இப்படிப் பொய் சொன்னீங்க? அத்தை செத்துட்டாங்கன்னுதான சொன்னீங்க?"

என் அம்மா செத்தது நிஜம். அந்த மாதம் முழுக்க என் வாயில் வந்தவற்றில் அது ஒன்றுதான் நிஜம்.

"வீட்ட வித்தாச்சாம். இனிமே மகன் வீட்டோடதான்னாங்க. பாவம், காலு வேற முடியல. கட்டியிருக்கறது என் பழைய சேலை மாதிரியே இருக்கு." அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "பிள்ளை பொறந்தா என்கிட்டதான் குடுக்கணும்னு இப்பவே கேக்குறாங்க."

கீழே பார்த்தேன். படியோரம் அந்தச் செருப்பு ஒழுங்காக விடப்பட்டிருந்தது. இடது செருப்பு மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து போயிருந்தது.

உள்ளறையில் கட்டில் முனகியது.

சர்ர்... டக்.