கேக்குதா?

காவலூரைத் தாண்டி மலைச்சரிவில் இருந்த அந்த ஓட்டு வீட்டுக்குக் குணசீலன் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. பட்டப்பகலிலும் பனி இறங்கி வாசலை மறைத்திருந்தது. கண்ணமங்கலத்தில் மைக்செட் கடை வைத்திருப்பவன் அவன். கம்ப்யூட்டரும் கொஞ்சம் தெரியும்.

துணியில் சுற்றியிருந்த லேப்டாப்பை அந்த வீட்டு அன்பரசி பிரித்து வைத்தாள்.

“இஸ்கூல்ல எம்பொண்ணுக்குக் குடுத்தது தம்பி. அவ பேசுனது ஒண்ணே ஒண்ணு இதுல கெடக்குது. தொறக்கவே மாட்டேங்குது. நாளைக்கு அவளுக்கு வருச தேவசம். ஒரே ஒரு வாட்டி அவ கொரலக் கேட்டுட்டா போதும்.”

மகள் பிரியதர்ஷினி போன வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கடைசி பஸ்கூட வராமல் போன நாள் அது.

லேப்டாப்பில் இருந்தது லினக்ஸ். அந்தப் பதிவைத் திறக்கும் ஆடியோ சாஃப்ட்வேர் அதில் இல்லை. மலையில் நெட் கிடைக்காது என்று தெரிந்து, வேண்டியதையெல்லாம் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தான் குணசீலன். கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாகக் கட்டளைகளைத் தட்டினான். வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி நின்றன. சாஃப்ட்வேர் ஏறிவிட்டது. அன்பரசி டீ போட உள்ளே போனாள்.

பதிவைத் திறந்தான். திரையில் வெறும் நேர்க்கோடு. சத்தமே இல்லை.

பெற்றவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? கோளாறு பதிவிலா, சாஃப்ட்வேரிலா என்று பார்க்கத் தன் மைக்கைச் செருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ரெக்கார்டு பட்டனை அழுத்தினான். பதினைந்து வருடப் பழக்கம். எந்த மைக்கைப் பிடித்தாலும் அவன் வாய் அதையேதான் சொல்லும்.

“ஹலோ, ஹலோ... கேக்குதா?”

சற்றுப் பொறுத்து நிறுத்திவிட்டு, போட்டுக் கேட்டான். அவன் குரல் தெளிவாக வந்தது. பிறகு லேசான இரைச்சல். எங்கிருந்தோ தைல வாசனை அடித்தது, காய்ச்சல்காரர் படுத்திருக்கும் அறையில் அடிப்பதுபோல.

இரைச்சலுக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

“கேக்குதுண்ணா.”

ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

“அம்மாகிட்ட குடுண்ணா.”

ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். தான் பதிந்ததை அழித்தான். ஏற்றிய சாஃப்ட்வேரையே நீக்கினான். மைக்கைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தான்.

டீயோடு வந்த அன்பரசி வாசற்படியிலேயே நின்றாள்.

“இன்னா தம்பி, பேசுனாளா?”

“இல்லக்கா... எல்லாம் அழிஞ்சி போச்சி.”

அவள் டீயை அவன் பக்கத்தில் வைத்தாள். முந்தானையால் லேப்டாப்பைத் துடைத்து மறுபடி துணியில் சுற்றினாள். பொய் சொன்ன வாயால் அவள் தந்த டீயைக் குடிக்க அவனால் முடியவில்லை.

மறுநாள் காலை கண்ணமங்கலத்தில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டி முடித்தான். வெயில் சுள்ளென்று அடித்தது. அதே மைக். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

“ஹலோ... கேக்குதா?”

நாலு குழாயும் கரகரத்தன.

“கேக்குதுண்ணா.”

தெருவே நிமிர்ந்து பார்த்தது. குணசீலன் ஓடிப்போய் மெயின் வயரைப் பிடுங்கினான். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது. மூன்று குழாய்கள் அடங்கின.

மலைப் பக்கம் பார்த்துக் கட்டிய நாலாவது குழாய் மட்டும் அடங்கவில்லை.

“அம்மாகிட்ட குடுண்ணா... அம்மாகிட்ட குடுண்ணா...”