ஏசுஅடிமையின் பெண்டாட்டி

குலசேகரத்தில் பஸ் இறங்கி, ஆட்டோ பிடித்து, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த அந்த வாடகை வீட்டு வாசலில் நாங்கள் போய் நின்றபோது மதியம் இரண்டு மணி. வெளிச்சம் என்னவோ சாயங்காலம் ஆறு மணிக்கு உரியது. ஐப்பசி மழை இலைகளுக்கு மேலே எங்கேயோ பெய்துகொண்டிருந்தது. கீழே சொட்டு மட்டும்தான் வந்தது.

முதுகுவலி என்று பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லி ஒரு மாதம் லீவு போட்டிருந்தேன். நாவலை முடிக்க வேண்டும். என் மனைவி பிரிஜாவும் கூடவே கிளம்பிவிட்டாள். தனியாக விட்டால் நான் பட்டினி கிடப்பேனாம்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஞானதாசன் சாவி கொடுத்துவிட்டுப் பின்பக்கம் கை காட்டினார். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் பழைய புகைப்புரை. கரி பிடித்த சுவர், பூட்டிய கதவு.

"அத மட்டும் தொறக்காண்டாம் சாரே. ஷீட்டு போடுதத நிறுத்தி நாலு வருஷமாச்சு. பாம்பு கெடக்கும்."

அன்று சாயங்காலமே சத்தியராஜ் போனில் பிடித்தான். என் புத்தகங்களைப் போடுகிறவன். கல்லூரிக்கால நண்பன் என்பதால் தாட்சண்யம் கிடையாது.

"நாவல்ல அந்த ரப்பர் பால் வெட்டுத ஏசுஅடிமை பிரமாதம் மக்கா. ஆளு நம்ம பக்கத்துல இருந்து இருமுதான். அவனுக்க பெண்டாட்டிதான் வெறும் அட்டை. மூணு எடத்துல வாறா. மூணு எடத்துலயும் 'கஞ்சி எடுத்து வைக்கட்டா?'ன்னு கேட்டுட்டுப் போறா. ஒரு பேராவது வச்சியா? அவளுக்குன்னு ஒரு பழக்கம், ஒரு பயம், ஒரு ரகசியம் வேண்டாமா? அவளுக்கு உயிர் வரட்டு, புத்தகம் போடுதேன். இல்லன்னா நீயே வச்சுக்க."

சுருக்கென்றது. பதினோரு வருஷமாக எழுதுகிற நாவல். ஆனால் அவன் சொன்னது சரி. அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அடுக்களையில் பிரிஜா தேங்காய் துருவிக்கொண்டே மூக்காலே ஒரு பாட்டை முனகினாள். வார்த்தை கிடையாது. எங்கே கேட்ட பாட்டு என்று அவளுக்கும் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன்.

அதைத் தூக்கி ஏசுஅடிமையின் பெண்டாட்டிக்குக் கொடுத்தேன். நோட்டில் அவள் முதல்முறையாக மூச்சு விட்டாள்.

மறுநாள் பிரிஜா சத்தமில்லாமல் தேங்காய் துருவினாள்.

"என்னட்டி, பாட்டக் காணோம்?"

"என்ன பாட்டு?"

விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது பயம். சின்ன வயதில் கழுத்தில் பல்லி விழுந்ததிலிருந்து, பல்லியைக் கண்டால் பிரிஜா கட்டிலில் ஏறி நின்று அலறுவாள். அதையும் எழுதினேன். இரண்டு நாள் கழித்து, மேசைமேல் இருந்த பல்லியை வெறும் கையால் பிடித்து ஜன்னல் வழியே போட்டாள். கையை நைட்டியில் துடைத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. பூட்டிக் கிடந்த புகைப்புரையின் ஓட்டிலிருந்து புகை வந்தது.

லேசாக.

முட்டை கொண்டுவந்த ஞானதாசன் வாசலிலேயே தயங்கி நின்றார்.

"சாரே, வீட்டுல ரெண்டு பொம்பளையளா?"

"இல்லியே. ஏன்?"

"அக்கா இஞ்ச முன்னால துணி விரிச்சிட்டு நிக்காவ. பொறத்த புகைப்புரைப் பக்கம் யாரோ பாடுதாவ."

முட்டையை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

அந்த இடத்தில் நான் நோட்டை மூடியிருக்க வேண்டும். புரியாமல் செய்துவிட்டேன் என்று இன்று யாரிடமும் என்னால் சொல்ல முடியாது. எனக்குப் புரிந்திருந்தது. ஆனால் சத்தியராஜ் கேட்ட மூன்றில் ரகசியம் மட்டும்தான் பாக்கி. அது பிரிஜாவிடம் இருந்தது.

எங்கள் மகன் சிஜின் ஆறு நாள்தான் இருந்தான். ஆஸ்பத்திரியில் அவன் காலில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையை அவள் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்து அதை எடுத்துக் கன்னத்தோடு சேர்த்துக்கொள்வாள். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் அந்தச் சின்னக் குழிமேல் ஆறு மெழுகுதிரி கொளுத்துவாள், அவன் இருந்த நாளுக்கு ஒன்று. ஒன்பது வருஷமாக அவள் உயிரோடு இருந்ததே அதை வைத்துத்தான்.

எழுதினேன். நாலு பக்கம். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் எழுதியதில்லை. அழுதுகொண்டே எழுதினேன், சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் இப்போது என்னால் மன்னிக்க முடியவில்லை.

காலையில் பிரிஜா அந்தப் பட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி வந்தாள்.

"இது யாருக்க சாதனம்? குப்பையில போட்டுரட்டா?"

நோட்டை அடுப்பில் திணித்தேன். அவள் தோளைப் பிடித்து உலுக்கி, சிஜின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரோ வீட்டுப் பிள்ளையின் கதையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பின்பக்கம் பாட்டு கேட்டது.

மூக்காலே முனகும் பாட்டு.

கடப்பாரையால் புகைப்புரைப் பூட்டை உடைத்தேன். பாம்பு இல்லை. ஆள் இல்லை. பழைய ஷீட்டு நாற்றத்துக்கு நடுவே புதிதாகத் துருவிய தேங்காயின் மணம். கரித்தரையில் ஒரு பெண்ணின் ஈரக் காலடிகள். எல்லாம் உள்ளேயிருந்து வாசலைப் பார்த்துப் போயிருந்தன. உள்ளே வந்த காலடி ஒன்றுகூட இல்லை.

"அவளுக்கத அவளுக்கே குடுத்துரு" என்று இருட்டைப் பார்த்துக் கெஞ்சினேன்.

அன்றைக்கே கோட்டாற்றில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். புது நோட்டு வாங்கி, மேலே 'பிரிஜா' என்று எழுதினேன். எழுதிப் பறித்ததை எழுதியே திருப்பித் தரலாம் என்று நம்பினேன். முதலில் அந்தப் பாட்டு. எப்படி யோசித்தும் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். அவளைக் கைபிடித்துக் கூட்டிப் போனேன். மகனுடைய குழியைப் பார்த்தாலாவது ஏதாவது திரும்பி வராதா? கல்லறைத் தோட்டம் முழுக்கக் கூட்டம், பூ, மெழுகு மணம். எங்கள் குழிக்கு முன்னால் போய் மெழுகுதிரிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

குழியை யாரோ ஏற்கெனவே சுத்தம் செய்திருந்தார்கள்.

அதன்மேல் ஆறு மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் கொளுத்தியவை. ஈர மண்ணில் யாரோ முட்டுக்குத்தி எழுந்துபோன இரண்டு பள்ளங்கள். கூட்டத்துக்குள் எங்கேயோ ஒரு பெண் முனகிக்கொண்டே விலகிப் போனாள். கேட்டதும் பாட்டு ஞாபகம் வந்துவிட்டது.

என் மகனுக்கு இன்னும் அம்மா இருக்கிறாள்.

அந்த மண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் தோளில் ஒரு கை விழுந்தது. நிமிர்ந்தேன். பிரிஜா குனிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு எதையோ சொல்ல அசைந்தது. ஆண்டவரே, அவன் பெயரைச் சொல்லட்டும் என்று வேண்டினேன்.

"கஞ்சி எடுத்து வைக்கட்டா?" என்றாள்.