தூங்காத ரத்தம்

பாலகுமார் எழுந்து போன கட்டிலில் தலையணை வைத்தது வைத்தபடி இருந்தது. குழி விழவில்லை, உறை கசங்கவில்லை. போர்வை மட்டும் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு வியர்வையில் ஊறிக் கிடந்தது. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுத்தவர், மூன்று மணி வரை இந்த அறையில்தான் இருந்தார். இத்தனை நேரம் தலையை எங்கேதான் வைத்திருந்தார்? அவர் மனைவி புஷ்பவல்லி தலையணையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். நேற்றுத் துவைத்த சோப்பு வாசனைதான் வந்தது. அவர் தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய் வாசனை துளியும் இல்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் பகல் தூக்கத்துக்கு இருக்கும் மரியாதை கோயிலுக்குக்கூட இருக்காது. அவர்கள் பிளாக்கில் நைட் ஷிப்ட் ஆள் தூங்கினால் வாசல் கேட்டில் ஒரு துண்டைப் போட்டுவிடுவார்கள். துண்டைக் கண்டால் மீன்காரர் குரலை அடக்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். பிள்ளைகள் கிரிக்கெட்டை அடுத்த தெருவுக்கு மாற்றிக்கொள்வார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆரோக்கியம்மாள் விசில் வருவதற்குள் குக்கரை இறக்கிவிடுவார். கனத்த ஜன்னல் திரைக்குள் மின்விசிறி சுற்றும். தூரத்தில் அனல்மின் நிலையம் ஓயாமல் முனகிக்கொண்டே இருக்கும். இத்தனை ஏற்பாட்டுக்கும் நடுவில் ஒரு மனுஷன் தூங்கவில்லை என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

"அண்ணன் தூங்கிகினு இருக்காரேன்னு வூட்ல மிக்சிகூட போடலம்மா," என்றார் ஆரோக்கியம்மாள் வேலியோரமாக. "இன்னா, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

"ஒண்ணுமில்லக்கா," என்றாள் புஷ்பவல்லி. சொல்லிவிட்டு உடனே தன்மீதே எரிச்சல் பட்டாள். மாமனார் விஷயத்திலும் இதே 'ஒண்ணுமில்ல'தான் எல்லோர் வாயிலும் இருந்தது.

மாமனார் மருதாசலம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். ரிட்டயரான பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று. காலம் பூரா நைட் ஷிப்ட் பார்த்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றது பிளாக். வீட்டிலும் அதையே சொன்னார்கள். வேறு ஊராக இருந்தால் முதல் வாரத்திலேயே பயந்திருப்பார்கள். ஷிப்ட் போட்டுத் தூங்குகிற ஊரில் கிழவர் ஒருவர் விழித்துக் கிடந்ததை யாரும் நோயாக எண்ணவில்லை. ஒரே வருடத்தில் எலும்பும் தோலுமாகி, கண்ணைத் திறந்தபடியே போய்ச் சேர்ந்தார். அவருடைய அக்காவும் அப்படித்தான் போனாள் என்பது துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

கடைசியில் அவரைப் பார்த்த நரம்பு டாக்டருக்கு மட்டும் சந்தேகம் வந்தது. ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தை வாங்கி, மரபணுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்து, அரிய நோய்கள் எந்த எழுத்துப் பிசகில் வருகின்றன என்று தேடும் ஆராய்ச்சிக் குழு ஒன்றுக்கு அவர் தகவல் சொன்னார். அங்கிருந்து ஏஞ்சலின் என்ற பெண் வந்தாள். பக்கத்திலிருக்கிற குறிஞ்சிப்பாடிதான் அவளுக்கு ஊர். பாலகுமாரிடம் ரத்தம் எடுத்தாள். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் காயத்ரியிடம் எடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று புஷ்பவல்லியிடமும் எடுத்தாள். தலையணை விஷயம் நடந்த மறுநாள், முடிவு வந்துவிட்டது என்று அவளே நேரில் வந்தாள்.

"அண்ணனுக்கு இருக்குதுங்க்கா," என்றாள் தயங்கித் தயங்கி. "ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்குது. மூளையில தூக்கத்தைப் பாத்துக்கிற இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமா அழிச்சிடும். கனவு மட்டும் வரும், தூக்கம் வராது. முழிச்சிகினு இருக்கும்போதே கனவுல செய்யறதை எல்லாம் கையால செய்வாங்க. மருந்து இதுவரைக்கும் இல்லீங்க."

"எனக்கு?"

"உங்களுக்குச் சுத்தமா இல்லீங்க."

"காயத்ரிக்கு?"

ஏஞ்சலின் தரையைப் பார்த்தாள். "ரத்தம் குடுக்கும்போதே தெரிய வேணாம்னு சொல்லிட்டாங்க. அவங்களா கேட்டாதான் சொல்லுவோம். அம்மாவுக்குக்கூடச் சொல்லக் கூடாதுங்க்கா. பொதுவா பாதிக்குப் பாதி, அவ்வளவுதான் சொல்லலாம்."

"பாதிக்குப் பாதியா? பெத்து வளத்தவகிட்ட பூவா தலையா போட்டுப் பாத்துக்கோன்னு சொல்ல வந்தியாம்மா இவ்வளவு தூரம்?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் புஷ்பவல்லி திரும்பினாள். அறை வாசலில் பாலகுமார் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. காலடிச் சத்தமே கேட்கவில்லை. வெளிச்சம் இல்லாத அந்த இடத்திலும் அவருடைய கண்மணிகள் கடுகளவுக்குச் சுருங்கியிருந்தன.

"யார் சொன்னா தூங்கலைன்னு?" என்றார் மெதுவாக. "நான் இப்பவும் தூங்கிட்டுத்தான் இருக்கேன் புஷ்பா."

ஏஞ்சலினை அனுப்பிவிட்டு அவள் நேராகக் கேட்டுக்குப் போனாள். துண்டை உருவிக் குப்பைத் தொட்டியில் எறிந்தாள். தூங்குகிற வேஷம் இனி இந்த வீட்டில் வேண்டாம். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. எவனோ முப்பாட்டன் காலத்தில் பிசகிய ஓர் எழுத்து, கேட்காமல் கொள்ளாமல் தன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம், அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டுமாம். வந்து பார்க்கட்டும், யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஜாதிக்காய் இழைத்துப் பாலில் கொடுத்தாள். உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரை நிலைமையை இன்னும் மோசமாக்கியது, அதை நிறுத்தினாள். பாலகுமார் மருத்துவ விடுப்பில் வீட்டோடு இருந்தார். சட்டைக்கு மேலே இல்லாத பித்தானைப் போடுவார், தலையில் இல்லாத ஹெல்மெட்டின் வாரை இறுக்குவார். கூப்பிட்டால் ஒரு கணம் இந்தப் பக்கம் வருவார். "கனவு" என்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஒவ்வொரு முறையும் அவள் கூப்பிட்டாள். சலிக்காமல் கூப்பிட்டாள்.

பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டார்கள் என்று காயத்ரி வந்தாள். வந்த அன்று மதியமே வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். தலையணையில் எச்சில் வழிந்தது, குழி விழுந்தது. புஷ்பவல்லி அறை வாசலில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே அழுதாள். பாதியில் நல்ல பாதி தன் பெண்ணுக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் பஜ்ஜி போட்டு ஆரோக்கியம்மாள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் பிற்பகல் வெயில் வெள்ளையாக எரிந்தது. திரை போட்ட வீட்டுக்குள் மங்கிய பழுப்பு வெளிச்சம் தேங்கி நின்றது. கூடத்துக்கு இந்தப் பக்கம் பாலகுமாரின் அறை, அந்தப் பக்கம் காயத்ரியின் அறை. நடுவில் புஷ்பவல்லி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விசிறியின் கிறீச்சொலியும் மின்நிலையத்தின் முனகலும் கீரைக் காம்பு ஒடியும் சத்தமும் தவிர வேறு எதுவும் இல்லை. பிறகு முனகல் நின்றது. எப்போதும் நிற்காத அந்த முனகல். அவள் கை அப்படியே நின்றது.

கட்டில் அசைந்தது. பாலகுமார் எழுந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, மாற்றி மாற்றி எதையோ இழுத்தன. இது புதியது. இதுவரை செய்யாதது. தோளில் நரம்பு புடைத்தது.

"கொஞ்சம் விடு," என்றார். "ஆங். இப்ப பிடி."

"பிடிச்சிருக்கேம்ப்பா."

குரல் அவருடைய அறையிலிருந்து வரவில்லை.

புஷ்பவல்லி திரும்பினாள். தன் அறையில் காயத்ரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. கடுகளவு கண்மணி. கைகள் இழுத்தன. அவர் விட்டால் இவள் இழுத்தாள். இவள் விட்டால் அவர் இழுத்தார். ஒருவரையொருவர் பார்க்க வழியில்லை. ஒரு பிடிகூடத் தப்பவில்லை.

"கீழ எத்தனை பேருப்பா?"

"எல்லாரும்தாம்மா. தாத்தா, அவரோட அக்கா, நம்ம ஆளுங்க எல்லாரும்."

ஏஞ்சலின் சொல்ல மறுத்தது இதைத்தான். தெரிந்துவிட்டது. இனி கேட்க எதுவும் இல்லை.

"காயத்ரி!"

திரும்பவில்லை.

"என்னங்க!"

இந்தப் பக்கம் வரவில்லை.

கீரை சிதறியது. அவள் எழுந்தாள். இரண்டு அறைகளுக்கும் நடுவே, கூடத்தின் மத்தியில் போய் நின்றாள். அவர்கள் இழுப்பது எதுவாக இருந்தாலும் இந்த வழியாகத்தான் போக வேண்டும். கனவுதானே. அவளுக்கு இல்லாத ரத்தம், அவளுக்கு இல்லாத கனவு. அறுத்துவிடலாம்.

"போதும்! என் பிள்ளையை விடுங்க!" என்று கத்திக்கொண்டே வெறும் காற்றில் இரண்டு கைகளையும் நீட்டி இறுக்கிப் பிடித்தாள்.

கயிறு இருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது. சொரசொரப்பாக. ஈரமாக. விறைப்பாக. ஆழத்து மண்ணின் வாசனை குப்பென்று வந்தது. அவள் பாதங்களுக்கு நடுவே, மொசைக் தரைக்குள் அது நேராக இறங்கிப் போயிற்று. அடியில் கனம். ஒரு ஆள் கனமில்லை. பத்து ஆள் கனமும் இல்லை, அதற்கும் மேல்.

உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவள் விடவில்லை. விட்டால் இவர்கள் இருவரும் அந்தக் கனத்தோடு உள்ளே போய்விடுவார்கள் என்று எப்படியோ தெரிந்தது. மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினாள். குதிகாலை ஊன்றினாள்.

"இது என் வீடு! ஒருத்தரும் வர வேணாம்! திரும்பிப் போங்க!"

இரண்டு அறைகளிலும் அசைவு நின்றது. இரண்டு முகங்களும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பின. பாலகுமாரின் கைகள் மடியில் இறங்கின. காயத்ரியின் கைகளும் இறங்கின. இருவருக்கும் பெரிய நிம்மதி.

"அம்மா பிடிச்சுக்கிட்டாங்கப்பா," என்றாள் காயத்ரி.

முழுக் கனமும் புஷ்பவல்லியின் கைக்கு வந்தது. தோள் மூட்டு நெரிந்தது. விட முடியாது. விடவும் மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கயிறு அதிர்ந்தது. கீழே யாரோ ஒரு பிடி ஏறினார்கள். இன்னொரு பிடி. பின்னால் இன்னும் பலர். அவசரமே இல்லாமல், ஒழுங்காக, ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்கள் மாதிரி.

பிறகு அவளுடைய விரல்களுக்குச் சற்றுக் கீழே, கூடத்தின் பழுப்பு வெளிச்சத்தில், கயிற்றை இன்னொரு கை பற்றியது.