இரண்டு இழுப்பு

பின்னேர அசர் பாங்கு ஓய்ந்தபோது கணினிகளை இணைக்கும் சுவிட்சின் பச்சை விளக்கு மறுபடியும் அணைந்தது. சுபத்திரா செருகியை மாற்றினாள். விளக்கு எரிந்தது. அணைந்தது. மூச்சு விடுவதைப் போல.

விடத்தல்தீவு மீன் கம்பனியின் முன்பக்கத்தில், அவள் நின்ற கணினிக் கந்தோர். முற்றத்துக்கு அப்பால் பழைய ஐஸ் அறை. இடையில், மண்ணுக்கடியில் ஒரு குழாய். குழாய்க்குள் இரண்டையும் இணைக்கும் வயர். உப்புத்தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். இன்றைக்குள் சரிவராவிட்டால் வேலையைக் கொழும்பு ஆட்களுக்குக் கொடுப்பதாக மனேஜர் அலியார் சொல்லிவிட்டார்.

"போய் ஐஸ் அறைக்குள்ள நில்லுங்கோ," என்றாள் கணவனிடம். "பழைய வயரில புதுசைக் கட்டி விடுறன். பிடிச்சு இழுங்கோ."

சிங்கராசா பேசாமல் நடந்தான்.

"வாயில கொழுக்கட்டையோ?"

அவன் தங்கையின் கலியாணத்துக்கு அவள் போகாத நாளிலிருந்து வீட்டில் அவளுக்குப் பதில் கிடையாது. வேலையில் மட்டும், அதுவும் வயர் வழியாக, உண்டு. தடித்த சுவர்களுக்குள் போன் எடுக்காது. ஆகவே வயரை இரண்டு தரம் இழுத்தால் ஆயத்தமா என்று கேள்வி. இரண்டு தரம் திரும்பி வந்தால், ஓம்.

புது வயரின் நுனியைப் பழையதில் கட்டி முடித்தாள்.

இழுத்தாள்.

உடனே பதில் இழுப்பு வந்தது. மெதுவாக, கையைப் பிடித்து அழுத்துவதைப் போல. தேவையில்லாமல் இன்னொரு முறை இழுத்தாள். அதற்கும் வந்தது.

பிறகு வயர் ஓடத் தொடங்கியது. புது வயர்ப் பெட்டிக்குள் சுருள் சுருளாக அவிழ்ந்து, குழாயின் விளிம்பில் உரசி உரசிக் கீழே இறங்கியது. குழாய் வாயிலிருந்து சேற்று வாடையும், அதற்கும் அடியிலிருந்து அழுகிய பழம் போன்ற ஒரு தித்திப்பும் மேலே வந்தன. முற்றத்தைக் கடக்க இவ்வளவு வயர் வேண்டியதில்லை.

"காணும், இழுக்கிறதை நிப்பாட்டுங்கோ!"

நிற்கவில்லை.

வயரைக் கையில் பிடித்தபடி யன்னலால் பார்த்தாள். வெயில். சிங்கராசா கேற்றடியில் நின்று அலியாரிடம் சாவி வாங்கிக்கொண்டிருந்தான். ஐஸ் அறைக் கதவில் ஆமைப்பூட்டு இன்னும் பூட்டியபடி தொங்கியது.

வயர் அவள் விரல்களுக்கிடையில் ஓடியது.

அவன் கதவடிக்கு வந்தான்.

"இஞ்சாருங்கோ! திறக்காதேங்கோ!"

கேட்டது அவனுக்கு. திரும்பிப் பார்த்தான். வீட்டில் பார்க்கும் அதே பார்வை. பூட்டைத் திறந்தான். உள்ளே போனான். கனத்த கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வயர் நின்றது.

சத்தமில்லை.

அவள் கைக்குள் அது அசைந்தது. இரண்டு தரம். மெதுவாக.

"நீங்களோ?"